சீட் கேட்கப் போன இடத்தில் பாடம் நடத்திய கதை

என் மனைவி கோமதி பி.ஏ. ஆங்கிலம் முடித்து ஆறு வருடம் ஆகிறது. இங்கிலீஷ் டீச்சர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை, அதற்கு பி.எட். வேண்டும். கவுன்சிலிங்கில் கல்லூரியைக் குறித்துக் கொடுக்க நான்கே நாள் பாக்கி. சித்தூரில் ஒன்று, திருப்பதியில் ஒன்று என்று யோசித்து வைத்திருந்தோம். இரண்டும் ஒரே பல்கலைக்கழகத்தில் இணைந்தவை, சான்றிதழும் ஒன்றுதான். சித்தூரில் “தினமும் வரத் தேவையில்லை” என்று போனில் சொன்னார்கள். மகள் மூன்றாவது படிக்கிறாள், எனக்கோ ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. சித்தூரே போதும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். கண்ணால் பார்க்காமல் சேர மாட்டேன் என்றாள் அவள். போன புதன்கிழமை கிளம்பினோம்.

எங்கள் ஊர் நகரியில் காலை 7.10 பஸ். சித்தூர் அறுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். எனக்கு டிக்கெட் 95 ரூபாய். ஆந்திராவில் பெண்களுக்கான திட்டத்தில், ஆதாரைக் காட்டியதால் கோமதிக்கு இலவசம். (அசல் அட்டையையே கொண்டுபோங்கள், போனில் காட்டினால் கண்டக்டர் முறைக்கிறார்.) 9.15க்கு இறங்கி ஷேர் ஆட்டோ, தலைக்கு 20. “இன்னா சார், இன்னிக்கு எல்லாரும் அந்த காலேஜுக்கே போய்க்கினு கீறீங்க?” என்றார் ஆட்டோக்காரர். நல்ல பெயர் வாங்கிய கல்லூரி போல என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் நான்.

வாசலில் ஒருவர் ஓடிவந்து கோமதியின் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டினார். அதில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர். போட்டோ இல்லை. “தொந்தரகா ரண்டி, சீக்கிரம் வாங்க, கமிட்டி வந்துட்டாங்க. கேட்டா செகண்ட் இயர் இங்கிலீஷ்னு சொல்லும்மா.” நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவளை மூன்றாவது பெஞ்சில் உட்காரவைத்துவிட்டார்கள். வராந்தாவில் நின்ற ஓர் அம்மாவிடம் என்ன நடக்கிறது என்று கேட்டேன். அவர் மகள் துணிக்கடையில் வேலை செய்கிறாளாம். இன்று ஆய்வு என்பதால் உள்ளே உட்கார்ந்திருக்க முந்நூறு ரூபாயும் பிரியாணியும் பேச்சாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை பேரும் வாடகை மாணவிகள்!

ஆய்வுக்கு வந்த அம்மையார், யாராவது ஒருவர் பாடம் நடத்திக் காட்டுங்கள் என்றார். வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. தான் மாணவி இல்லை என்று சொல்லத்தான் கோமதி எழுந்தாளாம். அதற்குள் அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார்கள். கையில் அது வந்ததும் எல்லாம் மறந்துபோச்சு என்று பிறகு சொன்னாள். பத்து நிமிடம் நடத்தினாள். துணிக்கடைப் பெண்கள்கூட ஆர்வமாகப் பதில் சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பெருமையாக இருந்தது.

கமிட்டியின் கார் போனதும் அட்டை மாட்டியவர் கோமதியிடம் வந்தார். சீட் விசாரிக்க வந்தவள் என்று அவள் சொன்னாள்.

“நீ சேரவே வேணாம்மா. லெக்சரரா பேர் போட்டுக்கிறோம். கமிட்டி வர்றப்போ மட்டும் வந்தா போதும்.”

கோமதி அட்டையைக் கழற்றினாள். “இந்தப் பேருக்குரிய பொண்ணு எங்க சார்?”

“அவங்களா? நகரி பக்கம் ஒரு ஸ்கூல்ல இங்கிலீஷ் மிஸ்ஸா போய்க்கினு கீறாங்க” என்றார், சாதாரணமாக. அட்டையை அவர் கையில் வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

திருப்பதி எழுபது கிலோமீட்டர், பஸ் 105 ரூபாய், இரண்டு மணிக்குச் சேர்ந்தோம். அந்தக் கல்லூரி பழைய கட்டடம், மின்விசிறி கடகடக்கிறது. எங்களைப் பார்த்து யாரும் வகுப்பை நிறுத்தவில்லை. தான் எழுதிய பாடக் குறிப்பை மூன்றாவது தடவையும் திருத்தச் சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு மாணவி மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். கோமதி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கேதான் என்றாள். நகரியிலிருந்து தினமும் ஐம்பது கிலோமீட்டர் போய் வரவேண்டும்; நான் ஷிஃப்ட் மாற்றிக் கேட்டிருக்கிறேன்.

கல்லூரி பார்க்கப் போகிறவர்களுக்கு: முன்கூட்டி போன் செய்யாதீர்கள். சாதாரண நாளில் போய், மாணவர்கள் எந்தப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகிறார்கள் என்று கேளுங்கள், அந்தப் பள்ளியிலும் விசாரியுங்கள். “வரத் தேவையில்லை” என்று யாராவது சொன்னால் என்னைப்போல் மகிழாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் மகள் இங்கிலீஷ் நோட்டை நீட்டினாள். எல்லாப் பக்கத்திலும் சிவப்பு மையில் மிஸ்ஸின் டிக். உங்கள் மிஸ் பேரென்ன என்று கேட்க வாயெடுத்தேன். அந்த அட்டையில் இருந்த பெயர் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கேட்கவில்லை.