மேனாம்பேட்டில் அறுபத்தாறு சென்டிமீட்டர்

காலை ஐந்தே முக்காலுக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். தோளில் ஒரு காலி கிட்டார் பை. புஸூக்கி வாங்கப் போகிறேன் என்றதும், அது தின்கிற பண்டமா என்று எங்கள் தெருவில் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கிரேக்க நாட்டு வாத்தியம் சாமி அது. நீளக் கழுத்து, இரண்டிரண்டாக நாலு ஜோடிக் கம்பி. பழைய ரகத்துக்குப் பானை வயிறு. கிட்டார் மாதிரி தட்டை உடம்பிலும் செய்கிறார்கள். நான் சொல்லிவைத்தது தட்டை உடம்பு.

ஐம்பத்தாறு வயதில் எதற்கு இந்த வம்பு? முடக்குவாதம். முப்பது வருடமாக எங்கள் சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பவன் நான். போன வருடம் இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கிக்கொண்டன. கிட்டாருக்கு நாலு விரலும் வேண்டும். புஸூக்கியில் பாதிப் பாட்டை இரண்டு விரலால் ஓட்டிவிடலாம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். “ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம் அண்ணே, அப்புறம் வேற ஆளப் போட்டுக்கறேன்” என்று குழுத் தலைவர் சொல்லியிருந்தார். மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சல்.

ஏழேகாலுக்கு அரக்கோணம். அங்கிருந்து மின்சார ரயில், டிக்கெட் பதினைந்து ரூபாய், ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. திருநின்றவூர் தாண்டியதும் நிற்க இடமில்லை. பக்கத்தில் இருந்தவர் ஆவடி டாங்கித் தொழிற்சாலைக்காரர், மடியில் சாப்பாட்டுப் பை. என் விரலையே பார்த்தார்.

“கைல இன்னா சார் ஆச்சு?”

“கதவுல மாட்டிக்கிச்சு” என்றேன். முன்பின் தெரியாத மனிதரிடம் எதற்குப் பொய்? பழக்கம், வேறென்ன. ஆவடியில் அவரோடு பாதி ரயிலே இறங்கிப்போனது.

எட்டு ஐம்பதுக்கு அம்பத்தூர். மேனாம்பேட்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய் என்றார் டிரைவர். பக்கத்து இடத்துக்கா எண்பது என்று சண்டைக்குப் போனேன்.

“ரோட்டப் பாத்துட்டு அப்பால பேசு சார். தோண்டிப் போட்டு ரெண்டு மாசமாவுது, மூட ஒருத்தனும் வர்ல.”

மனிதர் சொன்னது நிஜம்தான். வீடு, லேத் பட்டறை, வீடு, வெல்டிங் கடை என்று மாறிமாறி வருகிற தெருக்களில் பள்ளத்துக்குப் பள்ளம் கறுப்புத் தண்ணீர் நின்றது. குலுங்கிய குலுங்கலில் இட்லி தொண்டைக்கு வந்தது. மறுபேச்சில்லாமல் எண்பதைக் கொடுத்தேன்.

புஸூக்கி செய்து தருகிற ஜெரால்டுக்கு நாற்பது வயதிருக்கும். இரும்பு வார்ப்படத்துக்கு மரத்தில் அச்சு செய்வது பிழைப்பு. வருடத்துக்கு மூன்று நான்கு வாத்தியம் செய்வது ஆசை. கொக்கியில் தொங்கிய என் புஸூக்கியைக் காட்டினார். தேக்கு உடம்பு, வெளிறிய முகப்பு. ஐயோ, என்ன அழகு!

“அறுபத்தாறு சென்டிமீட்டர் சார். உங்க கைக்கு அளவெடுத்தாப்ல இருக்கும். புடிங்க.”

கம்பி அதிர்கிற நீளம் அது. நீளம் கூடினால் ஒலி கணீரென்று வரும். ஆனால் கழுத்தின் குறுக்கே பதித்த கட்டைகளுக்கு (ஃப்ரெட் என்பார்கள்) நடுவே இடைவெளி அதிகம், விரல் எட்ட வேண்டும். அதனால்தான் நாலு மாதம் முன்பு இடது கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்.

பிடித்தேன். முதல் கட்டையில் ஒரு விரல் வைத்தால் அடுத்த விரல் மூன்றாவதுக்குப் போகவில்லை. ஜெரால்டு சுவரில் குத்தியிருந்த என் தாளை எடுத்துவந்தார். என் இடது கையை மெதுவாகப் பிடித்து அதன்மேல் வைத்தார். கோட்டுக்குள் கை காணாமல் போனது.

“இது உங்க கை இல்ல சார்.”

“என் கைதான்.”

“எந்தக் கை?”

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு. என்னுடையது நாலு மாதம் ஓடியிருக்கிறது. வரையச் சொன்ன அன்றைக்கு இடது கை தாளில் படியவே மாட்டேன் என்றது. அந்தக் கோணலை ஒரு அந்நியனுக்கு அனுப்பக் கூச்சமாக இருந்தது. வலது கையை வரைந்து, ஜன்னல் கண்ணாடியில் தாளைத் திருப்பி வைத்து, இடது கை மாதிரி மறுபடி வரைந்து அனுப்பினேன். இதை அவரிடம் சொன்னேன்.

“நான் கேட்டது கை சார், அழகு கேக்கல!” ஜெரால்டுக்கு முகம் சிவந்துவிட்டது. “இல்லாத கைக்கு நாலு மாசம் கழுத்து செதுக்கிகினு இருந்துகீறேன்.”

அவர் திட்டியது நியாயம். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மனிதர் அதோடு விடவில்லை. மூன்றாவது கட்டையில் கேப்போ என்கிற கவ்வியை மாட்டி நீளத்தைக் குறைத்து, சுருதி ஏறாதபடி கம்பிகளைத் தளர்த்தினார். விரல் எட்டியது! ஆனால் தளர்ந்த கம்பி கட்டையில் அடித்துக் கரகரத்தது. தடித்த கம்பி மாற்றினார். கரகரப்பு போனது, ஜோடிக் கம்பியை அமுக்க என் விரலில் தெம்பில்லை. இப்படியே மணி பன்னிரண்டாகிவிட்டது.

“அம்பத்தி மூணுல புச்சா ஒண்ணு பண்ணலாம் சார். மெல்லிசு கழுத்து, மெல்லிசு கம்பி. ஆறு மாசம் ஆவும்.”

“ஆறு மாசத்துல மிச்ச விரலும் மடங்கிடும்னு டாக்டர் சொல்லிட்டார்.” இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. “வேணாம் ஜெரால்டு.”

இந்தப் புஸூக்கியைக் கேட்டு வேறு ஒருவர் இருக்கிறார், நீங்கள் கொடுத்த முன்பணம் வந்துவிடும் என்று மட்டும் சொன்னார். கேப்போவைக் கழற்றி, அதற்குரிய கம்பியைக் கட்டி, முழு நீளத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். வாசித்தார். அழுதேன். பட்டறை ஆட்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

ஒன்று நாற்பது ரயிலில் திரும்பினேன். எங்கள் ஊரில் எல்லாரும் என் கையைப் பார்ப்பார்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள், அது நாகரிகம். இங்கே ரயிலில் ஒருவர் கேட்டார், பட்டறையில் ஒருவர் பிடித்துப் பார்த்துத் திட்டினார். எது தேவலாம் என்று வழியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை. அரக்கோணத்தில் இறங்கி என் மனைவி கிரேஸுக்குப் போன் செய்தேன்.

“வாங்கிட்டீங்களா?”

“இல்ல கிரேஸ். இனிமே வாசிக்க முடியாது. கை போச்சு.”

கல்யாணமான நாளிலிருந்து கோயிலில் நான் முன்னால் குழுவோடு, அவள் மூன்றாவது வரிசையில் தனியாக.

“ஞாயித்துக்கிழமை உன் பக்கத்துல உக்காந்துக்கறேன்” என்றேன்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“நம்மகிட்ட பாட்டுப் புஸ்தகம் ஒண்ணுதான் இருக்கு” என்றாள். “பரவால்ல, நான் புடிச்சுக்கறேன்.”