ஊட்டுல யாரும் இல்லீங்க

எங்கள் பகுதி எப்படி என்று யாராவது கேட்டால், "ரொம்ப அமைதிங்க" என்றுதான் முதலில் சொல்லுவோம். மனை விற்ற புரோக்கரும் அதையேதான் சொன்னார். அருள்புரத்திலிருந்து உள்ளே தள்ளி, சோளக்காட்டைச் சமப்படுத்திக் கல் நட்ட இடம். பெயரில் கார்டன் இருக்கிறது. செடி என்று பார்த்தால் காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம்தான்.

நான் எட்டாவது வரை படித்தவன். பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்து, மெஷின் சத்தத்திலேயே பாதி ஆயுள் போய்விட்டது. கடைசிக் காலத்திலாவது காது சும்மா இருக்கட்டும் என்று இங்கே வீடு கட்டினேன். குடி வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே அமைதி என்றால் ஒருத்தர் வீட்டுப் படியை இன்னொருத்தர் மிதிக்கக்கூடாது என்று அர்த்தம்.

மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை. தெருவில் கண்டால், "வாங்க வாங்க, ஊட்டுக்கு வாங்க" என்பார்கள். கேட் பூட்டியே இருக்கும். சாவி எடுக்கக் கை போகாது. நாமும், "இருக்கட்டுங்க, இன்னொரு நாளைக்கு வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். புதிதில் விவரம் தெரியாமல் ஒருவரிடம் "சரிங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ரெய்டுக்கு ஆள் வந்தது போல நின்றார்.

மற்றபடி உறவெல்லாம் வாட்ஸ்அப் குரூப்பில்தான். விடிந்தால் சாமி படம் வரும். அதன் பின்னாலேயே தெருநாய், குப்பை வண்டி, சந்தேகப்படும்படியான ஆள் நடமாட்டம். இதில் நானும் ஒரு மெம்பர்.

இந்தத் தை மாதம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தது. என் சம்சாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு மாரியாத்தாளிடம் வேண்டியிருக்கிறாள். நான் பிழைத்து எழுந்தால், பதினொரு வீட்டில் மடிப்பிச்சை எடுத்து, அந்த அரிசியில் ஆடிச் செவ்வாய் பொங்கல் வைக்கிறேன் என்று. ஆத்தா புண்ணியத்தில் பிழைத்தேன். ஆடி பிறந்துவிட்டது. இனிச் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும்.

"நாம முன்னால குடியிருந்த லைன் வீட்டுப் பக்கம் போயிரலாமே புள்ள, அரை மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றேன்.

"நம்ம அடுப்பு எரியற எடத்துலதானுங்க கேக்கோணும். ஆத்தாளை ஏமாத்தறதுங்களா?" என்றாள்.

பதினொரு வீடு. அரிசி கையால் வர வேண்டும், உச்சிப் பொழுதுக்குள் முடிய வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேண்டுதல் நிறைவேறாது. எங்கள் பகுதியில் ஆள் இருக்கும் வீடு இருபதைத் தாண்டாது.

ஞாயிற்றுக்கிழமை குளித்து, அவள் மஞ்சள் சேலை கட்டினாள். நான் மஞ்சள் துண்டு போட்டுக்கொண்டேன். செருப்பில்லாமல் இறங்கினோம். ஆடிக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. எல்லா வீட்டு வாசலிலும் கார் நின்றது, உள்ளே டிவி ஓடியது. யாரும் ஊருக்குப் போயிருக்கவில்லை.

"மாரியாத்தாளுக்கு மடிப்பிச்சை போடுங்க தாயே!" என்று சொல்லி மடியை ஏந்தினாள். முதல் வீட்டம்மா, "அட, வாங்க வாங்க" என்றபடி கேட் கம்பி வழியாகவே ஒரு டம்ளரை நீட்டினாள். பாதி அரிசி கீழே சிந்தியது. அடுத்த வீட்டில் பெல்லுக்குள்ளிருந்து ஒரு குரல், "யாருங்க?" என்றது. எட்டாம் நம்பர் வீட்டுக்காரர்கள், வேண்டுதலுக்கு வந்திருக்கிறோம் என்றேன். "அப்படிங்ளா, ரொம்ப சந்தோசமுங்க" என்றது. அதோடு சரி. அந்தச் சந்தோஷத்தை வைத்துப் பொங்கலா வைக்க முடியும்?

இன்னொரு வீட்டில் பனியன் கம்பெனி ஓனரம்மா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அரிசி தீந்து போச்சுங்க. போன்ல பணமாப் போட்டு உடட்டுங்ளா?"

"ஆத்தாகிட்ட போன் இல்லீங்க" என்றாள் என் சம்சாரம்.

ஒருத்தி மட்டும் பெரிய மனது பண்ணி பாஸ்மதியைக் கொண்டுவந்து போட்டாள். "ஆத்தா பிரியாணியா கேட்டா?" என்று நான் முணுமுணுத்தேன். சம்சாரம் முழங்கையால் ஒரு இடி இடித்தாள். சந்து சந்தாகச் சுற்றிப் பத்து வீட்டு அரிசி சேர்ந்தது. இன்னும் ஒன்று.

அப்போது என் போன் கத்தியது. குரூப்பில் எங்கள் படம்! யார் வீட்டுக் கேமராவோ பிடித்தது, முகம் தெரியாமல் முதுகு மட்டும். கீழே எழுதியிருந்தது: "ஜாக்கிறதை. மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பிச்சை கேட்டு வீடு வீடாக வருகிறார்கள். கேட்டைத் திறக்க வேண்டாம். வீட்டில் யாரும் இல்லை என்று சொல்லிவிடவும்."

அந்த ஜாக்கிறதையை இன்னொரு தரம் படித்தேன். வல்லின றகரம் போட்ட ஜாக்கிரதை. அந்தத் தப்பு என்னுடையது. அது நான் எழுதியது.

போன வருஷம் ஆடியில் ஒரு பொம்பளை மஞ்சள் சேலையோடு எங்கள் கேட்டுக்கு வந்து நின்றாள். மொட்டைமாடியிலிருந்து பார்த்தேன். ஏதோ வசூலுக்கு வந்த கும்பல் என்று நினைத்தேன். "ஊட்டுல யாரும் இல்லீங்க" என்று நானே மேலிருந்து குரல் கொடுத்தேன். அவள் அண்ணாந்து என்னையே பார்த்தாள். அப்புறம் போய்விட்டாள். உடனே குரூப்பில் அந்தச் செய்தியைப் போட்டேன். பதினைந்து பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். மூன்று வேளை விபூதி பூசுகிறவன், ஆத்தாள் பேரில் வந்தவளைத் துரத்திவிட்டு, காவல்காரன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். என் எழுத்தை யாரோ பத்திரமாக எடுத்து வைத்திருந்து இப்போது எனக்கே போட்டிருக்கிறார்கள்.

"அது நானும் என் சம்சாரமுந்தானுங்க" என்று குரூப்பில் பதில் போட்டேன். வரிசையாகக் கும்பிடு வந்தது. கேட் ஒன்றும் திறக்கவில்லை. நான்கு வீட்டில் பெல் அடித்தோம், டிவி சத்தம்தான் குறைந்தது. வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. என் சம்சாரத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"அந்தக் கடைசில தகரச் சீட்டு போட்ட ஊடு ஒண்ணு இருக்குதுல்லங்க?"

"அது வேண்டாம் புள்ள."

"ஏனுங்க?"

ஏன் என்று எப்படிச் சொல்லுவேன்? அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் போனேன். அதுதான் போன வருஷம் வந்த அந்தப் பொம்பளை வீடு; கும்பல் இல்லை, இங்கேயே குடியிருப்பவள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, கம்பெனியிலிருந்து தைத்த பீஸ் வாங்கிவந்து வீட்டிலேயே நூல் பிசிறு வெட்டுகிறவள். கேட்டே கிடையாது. வாசலில் பனியன் குவியலுக்கு நடுவில் கத்திரியோடு உட்கார்ந்திருந்தாள். முதலில் மஞ்சள் சேலையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உரக்கச் சொன்னாள்:

"வீட்டுல யாரும் இல்லியே, அண்ணாச்சி!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் சம்சாரம் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் மண்ணைப் பார்த்தேன்.

"ஏன் வெயில்ல நிக்கிய? உள்ள வாங்க அக்கா" என்று எழுந்துபோய்ப் படி நிறைய அரிசி அள்ளிவந்தாள். "போன வருசம் என் மவளுக்கு அம்மை போட்டுருந்துச்சு. இங்க நாலு வீடுதான் தெறந்தாவ. மிச்ச ஏழுக்கும் பல்லடம் போய் நின்னேன்."

என் சம்சாரத்துக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏந்தியிருந்த மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "இந்த ஊட்டுல நீங்க ஏந்துங்க" என்றாள் என்னிடம்.

தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கையாலும் ஏந்தினேன். ஒரு மணி சிந்தாமல் போட்டாள். "ஆத்தா உங்களுக்கு நல்ல சொகத்தைக் குடுப்பா அண்ணாச்சி" என்றாள். துண்டின் முனைகளைச் சேர்த்து முடிந்துகொண்டேன்.

வீடு திரும்பியதும் நான் வழக்கம்போலக் கேட்டைச் சாத்தப் போனேன். "தொறந்தே இருக்கட்டுங்க" என்றாள் சம்சாரம். அதுதான் அன்றைக்கு அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு. இரண்டு கதவையும் விரியத் திறந்து, காற்றில் அடித்துக்கொள்ளாமல் செங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒரு ஆள் உள்ளே வரவில்லை. போனில்தான் குரூப்பு கத்தியது.

"எட்டாம் நம்பர் வீட்டு கேட் ரொம்ப நேரமா திறந்து கிடக்கு. எல்லாரும் ஜாக்கிறதையா இருங்க."