பீப்பாய்க்குள் இருந்து வந்த பதில்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் குனோல்ட் பீர் ஆலை இருந்த தெருவில் போய்க் கேட்கலாம். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

அன்று ஆலைக்கு முந்நூறாவது பிறந்தநாள். முதலாளி ஆல்பான் குனோல்ட், இறகு செருகிய தொப்பியோடு நிலவறையில் உலாவியபடி உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “ஒன்பது தலைமுறை! எங்கள் நிலவறை ஓர் உயிரையும் பலிகொண்டதில்லை!” பீப்பாய்கள் மட்டும் கைதட்டவில்லை.

விழாவுக்காகவே, பல வருடம் சும்மா கிடந்த பெரிய ஓக் பீப்பாயில் இந்த முறை பீர் புளிக்கவைத்திருந்தார்கள். நேற்றுதான் காலியானது. உள்ளே இறங்கித் தேய்க்கவேண்டும். புளித்த பீரின் வாயு அடியில் தேங்கி மூச்சை நிறுத்திவிடும் என்பதால், முதலில் மெழுகுவர்த்தியை உள்ளே நீட்டிப் பார்ப்பது வழக்கம். சுடர் அணைந்தால் யாரும் நுழையக்கூடாது.

“மெழுகுவர்த்தியா? மேயர் வந்துட்டாரு! மேல்மூடி ராத்திரி பூரா திறந்துதானே கிடந்துச்சு? நுழைடா!” என்றார் மகன் ஊடோவிடம்.

முழங்கால் உயரத்தில் இருந்த சின்னக் கதவுக்குள் ஊடோ உடம்பைத் திணித்தான்.

“நேத்து தின்ன பன்னிக்கறிய வெளியில வச்சுட்டுப் போ,” என்றாள் அவன் மனைவி ஹெட்விக்.

“அதுல பாதி நீ தின்னது, தாயே!”

அவள் வெளிக்காவல். வெளியிலிருந்து இரண்டு தட்டு. உள்ளிருந்து ஒரு தட்டு. பதில் வந்துகொண்டிருக்கும்வரை ஆள் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம்.

டொக், டொக்.

டொக்.

சரக்... சரக்... தேய்க்கும் சத்தம். பிறகு அது நின்றது.

டொக், டொக்.

டொக்.

மூச்சு விட்டாள். ஆனால் பதில் வந்த இடம்... அவள் தலைக்கு மேலே, மூடியை ஒட்டி. ஏணி இல்லாமல் ஊடோவுக்கு எட்டாத உயரம்.

“ஊடோ! விளையாடாதடா!”

டொக்.

இந்தத் தடவை அவள் தட்டவே இல்லை.

மெழுகுவர்த்தியைக் கொளுத்தி உள்ளே நீட்டினாள். சுடர் அணைந்தது.

“மாமா! அவன் பேசமாட்டேங்கறான்!”

“கத்தாதே, விருந்தாளிகளுக்குக் கேக்கும்...” என்றவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

மூச்சை அடக்கி இடுப்புவரை நுழைந்தாள். ஊடோவின் சட்டைக் காலர் கைக்கு வந்தது. இழுத்தாள்.

உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

மறுபடி இழுத்தாள். நெஞ்சு வெடித்தது.

“ராபன்...” பின்னால் மாமனாரின் குரல். “விட்டுடுடா...”

பிடி தளர்ந்தது.

ஊடோ பிழைத்தான். மாலையில், மருத்துவமனைக் கட்டிலில் அவன் முணுமுணுத்தான்: “நீ தட்டுனது கேட்டுச்சு, ஹெட்விக். பதில் தட்ட கையைத் தூக்கினேன். பக்கத்துல இருந்தவரு என் கையப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்குப் பதிலா அவரே தட்டினாரு.”

ஹெட்விக் திரும்பினாள். “ராபன் யாரு மாமா?”

ஆல்பான் தொப்பியைக் கழற்றினார்.

“என் தம்பி. அதே பீப்பாய். வெளியில நின்னது நான்.”

“அவருதான் இன்னைக்குத் தட்டினாரா?”

“அப்படித்தான் நானும் நெனச்சேன்... ஆனா அன்னைக்கும் பதில் வந்துக்கிட்டேதான் இருந்துச்சு. வெளியே எடுத்தப்போ டாக்டர் சொன்னாரு, அவன் செத்து ஒரு மணி நேரமாச்சுன்னு.”