ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம்

எங்கள் தெருக்காரர்களை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர்களில் முதல் ஆள் நான்தான் என்பதால் என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. ஆத்தங்குடியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய தூரத்தில் எங்கள் கிராமம். அங்கே நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. என் வீட்டுக்காரருக்குக் காரைக்குடியில் அரசாங்க வேலை. தெருவில் பாதிப் பேர் மாதச் சம்பளக்காரர்கள், மீதிப் பேர் நிலபுலன் உள்ளவர்கள். மாதா படம் மாட்டிய வீடும் முருகன் படம் மாட்டிய வீடும் அடுத்தடுத்து இருந்தன. ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே மதம்.

கிராம சபைக் கூட்டம் முடிந்த மறுநாள், பஞ்சாயத்து எழுத்தர் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வருவார். வராதவர்கள் வந்ததாகக் கையெழுத்துப் போட வேண்டும். மே தினக் கூட்டத்துக்கும் அப்படித்தான் வந்தார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என்ன தீர்மானம் என்று கேட்கவில்லை. “வெயில்ல அலையிறீகளே, மோர் தரவா?” என்று மட்டும் கேட்டேன்.

ஆடி மாதம் ஒரு நாள் மண் தள்ளும் இயந்திரம் வந்தது. நாங்கள் குடிக்கும் ஊருணிக்கு மழைநீர் வந்து சேரும் வரத்துக்காலை மூடிச் சமமாக்கி, மனைக்கல் நட்டுவிட்டுப் போனார்கள். மனை போட்டவர் பஞ்சாயத்துத் தலைவருக்கு வேண்டியவர். தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் உட்கார்ந்து “அக்கிரமம்” என்றார்கள். குரல் வாசலைத் தாண்டவில்லை.

தாண்டியவள் ஒருத்திதான். தெருக்கோடியில் குடியிருந்தவள். டைல்ஸ் பட்டறைக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். அவள் மகள் என்னிடம் படித்தாள். திங்கள்கிழமை சிவகங்கையில் கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்று விசாரித்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

“ஒத்தையாப் போனா வாசல்லயே விரட்டிருவாக டீச்சர். பத்துப் பேராப் போனாத்தான் காது குடுப்பாக. வாரீகளா?”

“வாரேன்” என்றேன். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

ஞாயிறு மாலை என் வீட்டுக்காரர், “மனுவுல பேர் இருந்தா உனக்கு மாத்தல்தான்” என்றார். மறுநாள் காலையில் எனக்குத் தலைவலி வந்தது. நானாக வரவழைத்துக்கொண்ட தலைவலி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்தில் அவள் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நின்றாள். பேருந்து வந்ததும் தனியாக ஏறிப் போனாள்.

சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அங்குட்டு ஆபீசர் நோட்டு நகலக் காமிச்சாரு. வரத்துக்கால் தேவையில்லைன்னு ஊரே ஏகமனதாத் தீர்மானம் போட்டிருக்காம். உங்க கையெழுத்தும் இருக்கு டீச்சர்.”

“என்னோடதுன்னு எப்படித் தெரியும்?”

“எம்மக ரேங்க் கார்டுல பாக்குற கையெழுத்துத்தானே.”

“படிச்சுப் பாக்காமப் போட்டுட்டேன்” என்றேன்.

“நீங்க படிச்சுக் குடுக்குறவுக” என்றாள். அவ்வளவுதான். போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

சுதந்திர தினக் கூட்டம் என் பள்ளிக்கூட வராந்தாவிலேயே நடந்தது. மிட்டாய் வாங்கியவர்கள் கலைந்துவிட்டார்கள். தலைவரையும் எழுத்தரையும் சேர்த்துப் பதினோரு பேர். நான் எழுந்து, போன கூட்டத்துத் தீர்மானம் பொய் என்றேன்.

தலைவர் சிரித்தார். “கையெழுத்து உங்களதுதானே, டீச்சரம்மா?”

“என்னோடதுதான். நான் வராத கூட்டத்துக்கு, மறுநாள் வீட்டுல நின்னு போட்டேன். என் தப்புத்தான். அதையும் நோட்டுல எழுதிக்கங்க.”

எழுத்தர் எழுதவில்லை. நானே மனுவாக எழுதிச் சிவகங்கைக்கு அனுப்பினேன். விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். எங்கள் தெருக்காரர்கள் ஒருவர் விடாமல், “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க” என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், “டீச்சருக்குத் தலைவரோட ஏதோ மனத்தாங்கல்” என்று சொல்லிக் காப்பியும் கொடுத்து அனுப்பினார். அதிகாரி அதோடு போனவர்தான், திரும்பி வரவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. தண்ணீர் மனைக்கற்களுக்கு நடுவே தேங்கிக் கொசு வளர்த்தது. ஊருணியில் கணுக்கால் அளவுதான் நின்றது, தை பிறந்ததும் அதுவும் சேறானது. கையெழுத்துப் போட்ட அத்தனை வீடும் அடிகுழாயில் குடத்தோடு வரிசையில் நின்று அரசாங்கத்தைத் திட்டியது.

“நீங்களாவது ஏதாச்சும் செய்யக் கூடாதா டீச்சர்?” என்றார், அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்.

“குடியரசு தினத்துக்குக் கூட்டம் இருக்கு. வாங்க” என்றேன்.

“அன்னைக்கு ஒரு சோலி இருக்கே” என்றார். கையிலிருந்த குடத்தைக் கீழே போட்டுவிட்டு, வாய்க்கு வந்தபடி அவரைப் பேசினேன். அதற்கப்புறம் தெருவில் பலர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். எனக்கு அதில் நஷ்டமில்லை.

கூட்டத்துக்கு அவளும் நானும் போனோம். அவள் எழுத்தரின் நோட்டின் மேல் கையை வைத்து, “மொதல்ல சத்தமா வாசிங்க. அப்புறம் கையெழுத்து வாங்கலாம்” என்றாள். அவர் தலைவரைப் பார்த்தார். கையை அவள் எடுக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே வாசித்தார். தெருவிளக்கு பற்றி ஒன்று, நூலகம் பற்றி ஒன்று. வரத்துக்கால் பற்றி ஒன்றுமே இல்லை.

“வரத்துக்காலத் தெறக்கணும்னு அதையும் எழுதுங்க” என்றாள்.

எழுதினார். கீழே இரண்டே கையெழுத்து, அவளுடையதும் என்னுடையதும். வரத்துக்காலை இன்றுவரை யாரும் திறக்கவில்லை.