வேலியைத் தொடாத பந்து

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தனாரின் மனைவி, கோல்ஃப் ஆடுகிறாள். மாமனாரின் எண்பதாவது பிறந்தநாள் பந்தியில், ரசம் வருவதற்குள் இதை எல்லோருக்கும் சொல்லி முடித்துவிட்டாள். "அக்கா, உங்களுக்கெல்லாம் இது கஷ்டம். கான்சன்ட்ரேஷன் வேணும்" என்று என் பக்கம் திரும்பி வேறு சொன்னாள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "நானும் ஆடுவேன்" என்றேன். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் போகும் பயிற்சித் திடலில் ஆளுக்கு ஆறு பந்து அடிப்பது, யார் பந்து தூரம் போகிறது என்று பார்ப்பது என்று பந்தியிலேயே முடிவாகிவிட்டது.

இருபது வருடமாக அவள் எனக்குச் சாம்பார் முதல் சேமிப்பு வரை சொல்லிக் கொடுத்துவருகிறாள். ஒரே ஒரு தடவை அவள் வாயடைத்து நிற்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

பம்மலில் ஒரு பழைய சாமான் கடையில் மட்டையும் ஒன்பது பந்துகளும் கிடைத்தன. "இன்னாத்துக்கு மேடம், நாய் துரத்தவா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போது நாங்கள் முடிச்சூருக்குக் குடிவந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டை ஒட்டி ஒரு காலி மனை. சொந்தக்காரர் துபாயில். மனையின் மறு ஓரத்தில் கம்பி வேலி, அதற்கப்பால் பழைய ஊர்க்காரர் ஒருவரின் வாழையும் மாட்டுக் கொட்டகையும். காலை ஆறு மணிக்கு, கணவரின் தொப்பியை மாட்டிக்கொண்டு, எங்கள் சுவரோரம் நின்று வேலியைப் பார்த்து அடிப்பேன். பந்து விழுந்த இடத்திலிருந்து வேலி வரை தப்படி வைத்து நடந்து, இன்னும் எவ்வளவு பாக்கி என்று நோட்டில் எழுதுவேன். முதல் நாள் பதினைந்து தப்படி பாக்கி. பத்து நாளில் அது மூன்றானது. பதினோராவது நாள் பந்து வேலியையே தொட்டுவிட்டது. ஓடிப்போய்க் கம்பத்தடியில் குந்தி, மட்டையைத் தரையில் ஊன்றி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பந்து வந்த வழியை ரசித்துப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து எல்லாம் தலைகீழ். பந்து வேலிக்குப் போய்ச் சேரவே இல்லை. இரண்டு தப்படி பாக்கி, பிறகு மூன்று, பிறகு ஐந்து. பிடியை மாற்றினேன், செருப்பை மாற்றினேன், குன்றத்தூர் முருகனுக்கு வேண்டிக்கொண்டேன். அடிக்கும்போது தலையைத் தூக்கக் கூடாது என்று எல்லா வீடியோவிலும் சொன்னார்கள். நானும் தூக்கவே இல்லை. "வயசாகுதில்ல" என்றார் கணவர். அன்று அவருக்குக் காபி கிடையாது.

ஒரே ஆறுதல் பக்கத்து நிலக்காரர்தான். அதுவரை திரும்பியும் பார்க்காதவர், தினமும் வணக்கம் வைத்தார். முருங்கைக்காய் கொடுத்தார். ஒரு நாள் வாழைத்தாரே வந்தது. விளையாட்டு வீராங்கனைக்கு இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனேன்.

போட்டிக்கு முந்தின நாள் அவர் எங்கள் கேட்டில் கைகூப்பி நின்றார்.

"மேடம், இதுக்கு மேல வேலிய நவுத்தினா மாட்டுக் கொட்டாயே போயிடும். நோட்டுல எழுதறத நிறுத்திக்கோங்க. ரொம்பப் பேஜாரா கீது."

"எந்த வேலி? எதுக்கு நகர்த்தறீங்க?"

"நீங்க சர்வே ஆபீஸ்தானே? கம்பிய ஊனிகினு ஒத்தக் கண்ணால பாக்குறீங்க, தப்படி வெச்சு எழுதுறீங்க. துபாய்க்காரர் எடத்துல கொஞ்சம் உள்ள வந்துட்டேன், தப்புதான். அதான் தெனம் ரெண்டடி நானே பின்னால தள்ளிகினு வரேன்."

முடிச்சூரில் காலி மனையில் யார் குனிந்தாலும் அளக்கத்தான் குனிகிறார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது.

அவசரமாகக் கேட்டேன்: "மொத்தம் எத்தனை அடி?"

"இருவத்திரெண்டு" என்று உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். "இல்ல மேடம், பதினெட்டுனு போட்டுக்கோங்க."

"இருபத்திரண்டுதான்!"

"சரி, இருவது. சாமி சத்தியமா அதுக்கு மேல இல்ல."

"ஓர் அடிகூடக் குறைக்க விடமாட்டேன்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினேன். பின்வாங்கியது வேலிதான், என் பந்து இல்லை. அத்தனை அடியும் என் உழைப்பு. அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. எனக்கும் கண் கலங்கியது, சந்தோஷத்தில். அப்புறம்தான் உள்ளே போய்ப் பந்தை எடுத்துவந்து காட்டினேன். அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுக்கா?" என்றார். வேலியை மறுபடி முன்னால் நகர்த்த அவருக்கு முதுகில் தெம்பில்லை. துபாய்க்காரருக்கு நான் செய்த உபகாரம் இன்றுவரை அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை. ஓரகத்தி வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு முதல் பந்தை அடித்தாள். அழகாகத்தான் போனது. பிறகு நான் அடித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தபோது என் பந்து அவளுடையதைத் தாண்டி உருண்டுகொண்டிருந்தது. அவள் வாய் திறந்தபடி நின்றாள், வார்த்தை வரவில்லை. அதோடு நான் வீட்டுக்குக் கிளம்பியிருக்க வேண்டும். மீதி ஐந்து பந்திலும் என்னை மண்ணைக் கவ்வ வைத்தாள்.

திரும்பும்போது அவள் காரிலேயே வந்தேன். பல்லாவரம் தாண்டியதும், "அக்கா, அந்த மொதல் பந்து எப்படி அடிச்சீங்க? எனக்குச் சொல்லித் தருவீங்களா?" என்று கேட்டாள்.

எப்படி அடித்தேன் என்று எனக்கே தெரியாது. ஆனாலும் தாம்பரம் வரும்வரை சொல்லிக் கொடுத்தேன்.