ஒரே பெயரில் மூன்று அடிக்கல்

வேம்பாருக்குப் போகும் பேருந்து பஞ்சராகி நிற்கிறது. டயர் மாற்றும்வரை கரையில் நடக்கிறேன். மணலில் மூன்று அடிக்கற்கள். கடல் அரிப்பைத் தடுக்க, கடலுக்குள் பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவு கட்டப்போவதாக மூன்றும் சொல்கின்றன. மூன்றிலும் ஒரே எம்.எல்.ஏ.வின் பெயர், ஓரத்தில் அடித்த கட்சி வண்ணம் மட்டும் கல்லுக்குக் கல் வேறு. வளைவைத்தான் காணோம். முதல் கல் இப்போது அலைக்குள் நிற்கிறது. நடுக்கல்லில் ஒரு வள்ளத்தைக் கட்டியிருக்கிறார்கள். மூன்றாவதன் பக்கத்தில் ஓர் அக்கா சாளைக் கருவாட்டைப் புரட்டிப்போடுகிறார்.

“மூன்று தேர்தலிலும் இவர்தான் ஜெயித்தாரா அக்கா?”

“நடுவுல ரெண்டு தடவ தோத்தாரு அண்ணாச்சி. ஒரு தடவ சுயேச்சையா நின்னு டெப்பாசிட்டும் போச்சு. தோத்ததுக்கு யாரு கல்லு நடுவா?”

“அப்போது ஜெயித்தவர்?”

“அவரு இங்கன எட்டிக்கூடப் பாக்கல.”

“இந்தத் தடவையும் இவர் நிற்கிறாரா?”

“நிக்காரு. இப்ப வேற கட்சி.”

“உங்கள் ஓட்டு?”

“இவருக்குத்தான்.” அக்கா அலைக்குள் நிற்கும் கல்லைக் காட்டுகிறார். “அலை அதுல மோதி உடையுதுலா? இன்னும் பத்து தடவ இவரு ஜெயிச்சாருன்னா, அடிக்கல்லே தூண்டில் வளைவு ஆயிரும்.”