சாவு வீட்டுக்கு முட்டை

கிளியனூரில் ரோட்டோரமாக இட்லிக் கடை வைத்திருக்கிறேன். பாண்டி போகிற பஸ்ஸில் தூங்குகிறவர்கள்கூட என் சாம்பார் வாசனைக்கு முழித்துக்கொள்வார்கள் என்று பீற்றிக்கொள்வேன். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து கடைக்குப் பின்னால் முந்திரித் தோப்பில் குடியிருக்கும் யூத அம்மா மட்டும் இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு வாய் சாப்பிட்டதில்லை. வருவார், பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார், தொங்குகிற தாரிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போவார். கண்ட கறியும் வெந்த பாத்திரம் அவர்கள் முறைக்கு ஆகாதாம். என் பாத்திரம் என்ன அவ்வளவு கேவலமா என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

அவருடைய வீட்டுக்காரர் திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். சென்னையில் அவர்களுக்கென்று இருக்கும் இடுகாட்டுக்கு எடுத்துப் போயிருந்தபோது, வெளிநாட்டிலிருந்து மகள் எனக்குப் போன் செய்தாள். என் கடைப் பெஞ்சில் ஹோம்வொர்க் எழுதி வளர்ந்த பெண். பேச்சும் எங்கள் ஊர்ப் பேச்சுதான்.

"அக்கா, பிளைட் கெடச்சு நான் வர்றதுக்கு நாளாவும். அடக்கம் முடிஞ்சு வந்ததும் அம்மா மொதச் சாப்பாடு சொந்த வூட்டுதத் துன்னக் கூடாது. அக்கம்பக்கத்துலருந்துதான் வரணும். அங்க எங்க ஆளுங்க யாருமே இல்லக்கா. நீ எடுத்துக்கினு போவலன்னா பட்டினியாவே கெடப்பாங்க."

"இன்னா செய்யணும் சொல்லு பாப்பா."

"அவிச்ச முட்டை. உருண்டையா இருக்கணும், அதான் முறை."

"இட்லி உருண்டைதானே?"

"இட்லி தட்டைக்கா." அழுகைக்கு நடுவில் சிரித்துவிட்டாள். "புதுப் பானையா வாங்கி அவி. பூ, மாலை எதுவும் வாணாம். அப்புறம், அம்மா வாயத் தொறக்கற வரைக்கும் நீ பேசக் கூடாது."

முட்டையும் பானையும் ஒரு விஷயமே இல்லை. என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னதுதான் மலையாகத் தெரிந்தது.

போனை வைத்ததும் என்னோடு இருக்கும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். "சாவு வூட்டுக்கு முட்டையா? காரியம் முடியற வரைக்கும் கவிச்சிய மோந்து பாக்கலாமா? ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும். தொடச்சிக்கறேன்" என்று சொல்லிக் கடையை மூடிவிட்டுத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறினேன்.

நான் அவ்வளவு பிடிவாதமாகப் போனதற்குக் காரணம் உண்டு. விழுப்புரம் ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்காரரைத் தூக்கி வந்த அன்று, வந்தவர்கள் எல்லோரும் "அழாத, புள்ளைங்க மூஞ்சியப் பாரு" என்று சொல்லிச் சொல்லி என்னை அழக்கூட விடவில்லை. அந்தம்மா மட்டும் வாயே திறக்காமல் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பாவம், இந்த மாதிரி இடத்தில் பேசத் தமிழ் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கிளம்பும்போது மட்டும் கணீரென்று "போய்ட்டு வர்றேன்" என்றார். சாவு வீட்டில் அப்படிச் சொல்லிக்கொள்ளவே கூடாது. எழுந்தோமா, போனோமா என்று இருக்க வேண்டும். வர்றேன் என்றால் இன்னொரு சாவுக்கு வர்றேன் என்று ஆகிவிடும். நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் அந்தம்மா சொன்னபடி மறுநாளும் வந்தார். காரியம் முடிந்து சொந்தபந்தமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் வந்துகொண்டே இருந்தார்.

திண்டிவனத்தில் பானைக்காரர், "பொங்கலுக்கு நாளிருக்கே, காரியத்துக்காம்மா?" என்று கேட்டார்.

"முட்டை அவிக்க."

என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பானையைக் கொடுத்தார்.

சென்னைக்குப் போன கார் திரும்பியதும் முட்டை அவித்த பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு தோப்புக்குள் நடந்தேன். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே வேலிப் படல் வரைக்கும் வந்தாள். உள்ளே வர மாட்டேன் என்று அங்கேயே நின்றுகொண்டாள்.

கதவு திறந்தே கிடந்தது. நிலைக்கண்ணாடியைத் துணியால் மூடியிருந்தார்கள். அந்தம்மா ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் கழுத்துப் பக்கம் கிழித்துவிட்டிருந்தது, துக்கத்துக்கு அவர்கள் முறை போல. நான் தரையில் உட்கார்ந்தேன். வாய் நமநமத்தது. எவ்வளவோ ஆறுதல் நாக்கு நுனியில் வந்து நின்றது. எல்லாவற்றையும் முழுங்கினேன். அப்போதுதான் உறைத்தது, என் வீட்டில் அந்தம்மா வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தது தமிழ் தெரியாமல் இல்லை என்று. அவர் ஊர் மரியாதையை எனக்குச் செய்திருக்கிறார். எனக்குத்தான் அழுகை வந்தது.

முட்டையை உரித்து நீட்டினேன். அந்தம்மா பானையைப் பார்த்தார். அதன் புதுச் சிவப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வாங்கிக் கடித்தார். என் கையால் அவர் சாப்பிட்ட முதல் வாய். மெல்ல முடியாமல் மென்று முழுங்கிவிட்டு, "கடைய மூடிட்டியா?" என்று கேட்டார்.

"மூடிட்டேம்மா."

பானைக்குள் கையை விட்டு இன்னொரு முட்டையை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீயும் துன்னல."

சாவு வீட்டில் உட்கார்ந்து முட்டை தின்றேன். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு காரியம் செய்ததில்லை. இரண்டு பேரும் அழுதுகொண்டே தின்றோம்.

பானையை எடுத்துக்கொண்டு எழுந்தபோது பழக்க தோஷத்தில் சொல்லாமல்தான் நடந்தேன். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. திரும்பி, படல் வரைக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன்: "போய்ட்டு வர்றேம்மா."

"வா" என்றார் அந்தம்மா.

நாத்தனார் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "வர்றேன்னா சொன்ன?"

"ஆமா. நாளைக்கும் வருவேன். துக்கம் முடியற வரைக்கும் தெனம் வருவேன்."

"துன்னாங்களா?"

"துன்னாங்க."

பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு என் இடுப்பிலிருந்த பானையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள்.

"இப்புடிக் குடு. நீ பாட்டுக்கு நம்ம கறிக்கொழம்புச் சட்டியோட போட்டுக் கழுவி வெச்சிடுவ. அப்புறம் நாளைக்கி அந்தம்மா எதுலதான் துன்றது?"